எல்லாம் இருக்கிறது... ருசி மட்டும் இல்லை!

"வீடு நிறையச் சாமான், கை நிறையச் சம்பளம், சிரித்த முகமாகப் பேசும் அக்கம்பக்கம். ஒரு மனுஷனுக்கு இதற்கு மேல் என்னதான் வேணும்?"

பெரியவர்கள் இப்படிக் கேட்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கேள்வி நியாயமானதுதான். இதே கேள்வியை நார்வே நாட்டுக்காரர் ஒருவர் சினிமாவாக எடுத்து, நம்மைச் சிரிக்கவும் வைத்து, நடுநடுவே உடம்பைச் சில்லிடவும் வைத்திருக்கிறார்.

படத்தின் பெயர் 'டென் பிரிஸம்மே மன்னன்'. மன்னன் என்றதும் ராஜா ராணி கதை என்று நினைத்துவிடாதீர்கள்! நார்வே மொழியில் 'மன்னன்' என்றால் 'அந்த மனிதன்' என்றுதான் அர்த்தம். 'அந்தத் தொல்லைக்கார மனிதன்' என்று முழுப் பெயருக்கும் பொருள் சொல்லலாம். 2006-ல் வெளிவந்த படம். டைரக்டர் யென்ஸ் லியன். திரைக்கதை எழுதியவர் பேர் ஷ்ரைனர். முதலில் அவர் இதை ஒரு ரேடியோ நாடகமாகத்தான் எழுதினார். அதே வருஷம் பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவில், விமர்சகர்கள் தேர்ந்தெடுக்கும் பிரிவில் படம் காட்டப்பட்டது. நார்வேயின் 'அமாண்டா' பரிசுகளில் டைரக்‌ஷன், நடிப்பு, திரைக்கதை மூன்றையும் தட்டிக்கொண்டு போயிற்று.

'யாரோ ஒரு ஆபீஸ் குமாஸ்தாவின் கதை. அதுவும் எங்கேயோ நார்வேயில்! நமக்கென்ன?' என்கிறீர்களா? இருக்கிறது. இந்தப் படத்தின் முக்கியமான சங்கதிகள் சாப்பாட்டு மேஜையிலும், சோபாவிலும், கடைசியில் ஒரு சமையலறையிலும்தான் நடக்கின்றன!

வரவேற்பு பலமாகத்தான் இருக்கிறது

மனித நடமாட்டமே இல்லாத ஒரு பொட்டல் வெளி. அங்கே ஒரு பஸ் வந்து நிற்கிறது. இறங்குகிறவன் ஒரே ஒருவன், ஆண்ட்ரியாஸ். நாற்பது வயதை நெருங்கும் தோற்றம், களைத்த முகம். அவனை வரவேற்க ஒரே ஒரு ஆள் 'நல்வரவு' என்று எழுதிய துணியைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு நகரத்தில் விடுகிறார். அங்கே அவனுக்கென்று ஒரு வீடு தயார். கணக்கெழுதும் உத்தியோகமும் தயார்.

ஏன் வந்தோம், எங்கிருந்து வந்தோம்? அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை, நமக்கும் படம் சொல்வதில்லை. செத்த பிறகு போகும் இடம் என்பார் சிலர். நவீன நகரத்தைத்தான் கேலி செய்கிறார்கள் என்பார் சிலர். எப்படி வைத்துக்கொண்டாலும் கதை ஒத்துவருகிறது.

ஆபீஸில் முதலாளி தங்கமான மனிதர். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. வேலை பழகும்வரை நிதானமாகச் செய்யுங்கள் என்று கனிவாகச் சொல்கிறார். கூட வேலை செய்கிறவர்களும் அப்படித்தான். இடைவேளையில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? வீட்டுச் சாமான்களைப் பற்றி! எந்த நாற்காலி, எந்த விளக்கு, சுவருக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும்... அவ்வளவுதான். ஒருத்தருக்கும் தலைவலி இல்லை. ஒருத்தர் வீட்டிலும் மாமியார் மருமகள் தகராறு இல்லை. 'ராத்திரி பூரா குழந்தை தூங்கவிடலை' என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர் ஒருவர்கூட இல்லை.

ஏனென்றால் அந்த ஊரில் குழந்தைகளே இல்லை. பார்த்துக்கொண்டே வரும் நமக்கு இது சட்டென்று உறைப்பதில்லை. தெருவெல்லாம் சுத்தம், பூங்காவெல்லாம் அமைதி என்று ரசித்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று 'அடடா, ஒரு குழந்தையின் குரலைக்கூடக் கேட்கவில்லையே!' என்று தோன்றுகிறது. அந்த நிமிஷம் வயிற்றைப் பிசைகிறது.

சாப்பாடு தட்டில்... ருசி எங்கே?

ஆண்ட்ரியாஸுக்கு முதலில் புரிவது சாப்பாட்டில்தான். தட்டில் பார்வையாக எல்லாம் இருக்கிறது, வாயில் போட்டால் ஒன்றும் தெரிவதில்லை. மதுக்கடையில் குடித்தால் போதையும் ஏறுவதில்லை. பூவுக்கும் பண்டத்துக்கும் வாசனை இல்லை. உடம்பில் அடிபட்டாலும் சில நாளில் சுவடு தெரியாமல் ஆறிவிடுகிறது. ஆபீஸில் காகிதம் வெட்டும் கத்தியில் தன் விரலையே வெட்டிக்கொள்கிறான். (நல்லவேளை, அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளலாம்.) அந்த விரல்கூட மறுபடி முழுசாக வந்துவிடுகிறது!

இதை யாரிடமாவது சொல்லலாம் என்றால், யாருக்கும் காது கொடுக்க நேரமில்லை. இல்லை... நேரம் இருக்கிறது, மனசுதான் இல்லை. 'எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது' என்ற ஒரே புன்னகைதான் எங்கே போனாலும்.

ஒருநாள் மதுக்கடையின் கழிவறையில் ஒரு குரல் கேட்கிறது. முகம் தெரியாத யாரோ ஒருவன், எதிலும் முன்னைப் போல் ருசியில்லையே என்று தன்பாட்டுக்குப் புலம்புகிறான். ஆண்ட்ரியாஸ் அப்படியே நின்றுவிடுகிறான். அந்த ஊரில் அவன் கேட்ட முதல் உயிருள்ள பேச்சு, ஒரு புகார்!

ஆன் பிரிட்டின் அழகான வீடு

பிறகு அவனுக்கு ஒரு துணை கிடைக்கிறாள். பெயர் ஆன் பிரிட். அழகி, மரியாதை தெரிந்தவள். வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறாள். திரைச்சீலை, மேஜை விரிப்பு, புதுசு புதுசாகச் சோபா... விருந்தாளிகள் வந்தால் உபசாரத்தில் குறை வைப்பதில்லை. இருவரும் சண்டை போட்டுக்கொள்வதே இல்லை. சண்டை போட ஒரு விஷயம் வேண்டுமே! அந்த வீட்டில் விஷயம் என்று ஒன்றும் இல்லை.

ஆண்ட்ரியாஸின் மனசு ஆபீஸில் வேலை செய்யும் இங்கெபோர்க் என்ற பெண்ணிடம் சாய்கிறது. 'இங்கேயாவது கொஞ்சம் உயிர் இருக்காதா' என்ற ஏக்கம். உன்னை விட்டுப் போகிறேன் என்று ஆன் பிரிட்டிடம் சொல்லியே விடுகிறான். வேறு படமாக இருந்தால் இந்த இடத்தில் அழுகை, ஆத்திரம், பறக்கும் பாத்திரம் எல்லாம் இருக்கும். ஆன் பிரிட்டுக்கு வரும் கவலையோ ஒன்றே ஒன்று: சனிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்களே!

சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது.

அந்த இங்கெபோர்க்காவது? அவளும் அப்படியேதான். இன்னும் சிலரோடும் பழகுவதாகச் சர்வசாதாரணமாகச் சொல்கிறாள். அவளுக்கு அதில் ஒளிவு மறைவு இல்லை, குற்ற உணர்வும் இல்லை. யாரானால் என்ன, எல்லாம் ஒன்றுதான். ஆண்ட்ரியாஸ் உடைந்து போகிறான். உயிரையே விட்டுவிடத் துணிகிறான். அந்த ஊரில் அதுவும் முடிவதில்லை. ரத்தக் காயத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தக் கோலத்தில் வருகிறவனைப் பார்த்து, பொழுதுபோக்காக எங்கே போகலாம் என்று பேச ஆரம்பிக்கிறாள் ஆன் பிரிட். 'என்ன ஆச்சு?' என்று கேட்க ஒரு வாய் இல்லை!

வில்லன் இல்லாத கதை

இந்தப் படத்தில் பயங்கரமே இதுதான். கெட்டவர் என்று ஒருத்தரும் இல்லை. முதலாளி கொடுமைக்காரர் அல்ல. ஆன் பிரிட் ராட்சசி அல்ல. எங்காவது விபத்து நடந்தால் சாம்பல் நிற உடை போட்ட ஆட்கள் சத்தமில்லாமல் வந்து இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறார்கள். போகிறவர் வருகிறவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடித்தால் திருப்பி அடிக்கலாம். 'எல்லாம் சௌக்கியம்தானே' என்று சிரித்துக்கொண்டு நிற்பவரை என்ன செய்வது?

ஆண்ட்ரியாஸாக நடித்த த்ரோன்ட் ஃபௌசா கத்தி ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. கடை மூடிய பிறகு வந்து நிற்கிறவர் முகத்தில் ஒரு திகைப்பு இருக்குமே, அந்த முகத்தோடு படம் முழுக்க நடமாடுகிறார்.

சுவரில் ஒரு விரிசல்

(முடிவைத் தெரிந்துகொண்டால் படம் ருசிக்காது என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போகலாம்.)

கழிவறையில் புலம்பிய ஆளை ஆண்ட்ரியாஸ் தேடிக் கண்டுபிடிக்கிறான். பெயர் ஹூகோ. ஒரு கட்டடத்தின் அடித்தள அறையில் குடியிருக்கிறான். அந்த அறைச் சுவரில் ஒரு சின்ன விரிசல். விரிசல் வழியாக எங்கிருந்தோ இசை கசிந்து வருகிறது! ஆண்ட்ரியாஸ் சுவரில் காதை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். பிறகு திருட்டுத்தனமாகச் சுவரைக் குடைய ஆரம்பிக்கிறான். குடையக் குடைய, கூடவே ஒரு வாசனையும் வருகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பண்டத்தின் வாசனை.

கடைசியில் துளை விழுகிறது. அந்தப் பக்கம் சொர்க்கமோ, ராஜாங்க மாளிகையோ இல்லை. வெளிச்சமான ஒரு சாதாரண சமையலறை. மேஜை மேல் கேக். கையை நீட்டி ஒரு பிடி அள்ளுகிறான். அதற்குள் ஊர்க்காவல் ஆட்கள் வந்து காலைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு பிடியை வாயில் அடைத்துக்கொள்கிறானே, அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! தண்டனை? 'எங்கள் ஊரில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறோம், உனக்கு மட்டும் என்ன?' என்கிற பாவனையில், பஸ்ஸில் சாமான் வைக்கும் அடியறையில் போட்டு, பனி கொட்டும் வெளியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

பணக்கார நாட்டில் ஏன் இப்படி ஒரு படம்?

2006-ல் நார்வேயின் ஜனத்தொகை சுமார் 46 லட்சம்தான். 1969-ல் வடகடலில் பெரிய எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நாட்டின் தலையெழுத்தே மாறிவிட்டது. கிடைத்த பணத்தைச் செலவழித்துத் தீர்க்காமல், பின்வரும் சந்ததிக்கென்று 1996-லிருந்து ஒரு தனி நிதியில் சேர்த்து வருகிறார்கள். படிப்பு, ஆயுள், வருமானம் மூன்றையும் கணக்கிட்டு ஐ.நா. சபை வெளியிடும் மனித வளர்ச்சிப் பட்டியலில் 2001 முதல் 2006 வரை ஒவ்வொரு வருஷமும் நார்வேக்குத்தான் முதல் இடம்!

அப்படி முதலிடத்தில் இருந்த வருஷத்தில்தான் இந்தப் படம் வந்தது. சௌகரியம் வேண்டாம் என்று படம் சொல்லவில்லை. பசியும் குளிரும் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சௌகரியம் வந்த பிறகு, 'இனிமேல் கேட்க என்ன இருக்கிறது' என்று ஒருவர் வாயை மற்றவர் அடைத்துவிடும் பழக்கத்தைத்தான் கேலி செய்கிறது. அந்தப் பழக்கத்துக்கு எண்ணெய் வளம் தேவையில்லை. தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜும் டி.வி.யும் இருக்கிற வீட்டிலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நாக்கு சொல்லும் சேதி

படம் கற்பனை. ருசி போவது மட்டும் கற்பனை இல்லை. 2020, 2021 வருஷங்களில் கொரோனா வந்து போன வீடுகளில், காப்பிப் பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்து முகர்ந்து பார்த்து, 'ஒண்ணுமே தெரியலையே' என்று பதறியவர்கள் எத்தனை பேர்!

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அத்தோடு தக்காளி, காளான் போன்றவற்றில் இருக்கும் 'உமாமி' என்கிற சுவை. ஏலக்காய் மணம், நெய் மணம் எல்லாம் மூக்கின் தயவு. சந்தேகமானால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காயை மென்று பாருங்கள். கையை எடுத்த பிறகுதான் 'அட, ஏலக்காய்!' என்று தெரியும்.

ஜலதோஷம், வாய்ப்புண், சர்க்கரை நோய், துத்தநாகச் சத்துக் குறைவு, சில மாத்திரைகள், வயோதிகம் இவற்றால் ருசி குறையலாம். அதனால் 'வாய்க்கு ஒண்ணும் பிடிக்கலை' என்று யாராவது சொன்னால், முதலில் உடம்பைக் கவனிக்க வேண்டும்.

உடம்பில் கோளாறு இல்லையா? அப்படியானால் மனசைக் கவனிக்க வேண்டும். மனச்சோர்வு நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் இரண்டு முக்கிய அடையாளங்களில் ஒன்று, ஓயாத துக்கம். இன்னொன்று, முன்பு பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போவது. பாட்டு, கிரிக்கெட், பேச்சு, சாப்பாடு எதிலும் மனம் ஒட்டாது. தூக்கம் கெடும், அல்லது எந்நேரமும் தூக்கமாகவே இருக்கும். இந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்ப்பதே சரி. 'உனக்கென்ன குறைச்சல்?' என்ற கேள்வி இதற்கு மருந்தல்ல. ஆண்ட்ரியாஸை அந்த ஊர் முழுக்கக் கேட்டதும் அதே கேள்வியைத்தான்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். பத்துப் பதினைந்து நாளில் தானாகச் சரியாகிவிடும். அதற்கு மேலும் தொடர்ந்தாலோ, குழந்தையைப் பார்த்தால்கூட மனசில் ஒன்றும் அசையவில்லை என்றாலோ, 'நான் கெட்ட அம்மா' என்று உள்ளுக்குள்ளே மறுக வேண்டாம். அது சிகிச்சையால் குணமாகக் கூடிய ஒரு நோய், அவ்வளவுதான். வீட்டிலும் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு யாருக்கு வந்தாலும், நம் நாட்டில் 2022-ல் தொடங்கிய அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசுவார்கள்.

ஆன் பிரிட்டை யார் கேட்டார்கள்?

ஆண்ட்ரியாஸ் மேல் இரக்கப்படுவது சுலபம், படமே அவன் பக்கம் நின்றுதான் கதை சொல்கிறது. ஆன் பிரிட்டை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அவள் திரைச்சீலை மாற்றுகிறாள், மேஜையை அலங்கரிக்கிறாள், விருந்தாளிக்குப் பரிமாறுகிறாள். 'உனக்கு எப்படிம்மா இருக்கு?' என்று அவளை யாராவது கேட்டார்களா? ஆண்ட்ரியாஸே கேட்கவில்லை! தனக்கு ருசி தெரியவில்லை என்று தவிக்கிறவன், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்கும் தெரியவில்லையே என்று நினைப்பதில்லை. அவளிடம் குறை இல்லை என்பதால் அவளுக்கும் குறை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறான். குறை சொல்லாத பெண்ணுக்குக் குறையே இல்லை என்ற கணக்கு நம் வீடுகளுக்கும் புதிசில்லையே!

இந்தப் பக்கங்களில் வீட்டு அலங்காரக் குறிப்புகள் வருவது உங்களுக்குத் தெரியும். அழகாக வைத்துக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. அந்த அழகுக்கு நடுவே ஒரு மனுஷி, 'இன்னிக்கு எனக்கு ஒண்ணும் ஓடலைங்க, ஒரு நாள் ஓட்டலில் வாங்கிடலாமா?' என்று சொல்ல முடிகிறதா, சொன்னால் 'ஏன்டா, என்ன ஆச்சு?' என்று பக்கத்தில் வந்து உட்கார ஒருத்தர் இருக்கிறாரா என்பதுதான் விஷயம்.

'ரசத்தில் புளி தூக்கல்' என்கிற கணவர், 'இந்தக் காய் வேண்டாம் போ' என்று தட்டைத் தள்ளுகிற பிள்ளை, 'அந்தக் காலத்து அப்பளம் மாதிரி வருமா' என்று அலுத்துக்கொள்கிற மாமனார்... எரிச்சலாகத்தான் இருக்கும். இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் நாக்கு உயிரோடு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நேற்றுவரை குறை சொன்னவர், இன்று எதைப் போட்டாலும் மௌனமாகச் சாப்பிட்டு எழுந்து போகிறார் என்றால், 'அப்பாடா, திருந்திட்டார்' என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்கு முன் ஒரு தடவை முகத்தைப் பாருங்கள்.

பார்க்க நினைப்பவர்களுக்கு

இது குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படம் இல்லை. ரத்தக் காட்சிகளும் படுக்கையறைக் காட்சிகளும் உண்டு. மனசு ஏற்கெனவே சோர்ந்திருக்கும் நாட்களிலும் வேண்டாம். உயிரை விடத் துணியும் காட்சிகள் கனமாக இருக்கும். மற்றபடி, நீளம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். பேச்சும் குறைவு. மொழி தெரியாவிட்டாலும் கீழே ஓடும் வரிகளை நிதானமாகப் படித்துக்கொண்டு போகலாம்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்களும் அவரும் சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விடாதீர்கள். ஒரு டம்ளர் பால் ஆற்றிக்கொண்டு பத்து நிமிஷம் உட்காருங்கள். படத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றுகூட இல்லை. "ஆபீஸ்ல நிஜமா எப்படிப் போயிண்டிருக்கு?" என்று நீங்கள் ஒன்று கேளுங்கள். "நாள் பூரா வீட்டில் உனக்கு எப்படிப் போகுது?" என்று அவர் ஒன்று கேட்கட்டும். யாராவது ஒருவர் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று மழுப்பினால், விடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள். தொல்லை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்!